நல்ல மரம் தறிச்ச காடு தானா வருமா? தேக்கு வைக்கிறதா, விடுறதா?

#1 ஒலுமடுவான்

வணக்கம் உறவுகளே.

வன்னியில நெடுங்கேணிப் பக்கம் அப்பாவுக்குப் பெர்மிட்டில கிடைச்ச காணி ஒண்டு இருக்கு. முன்பக்கம் வயலும் மேட்டுநிலமும், பின்பக்கம் காடு. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து பார்க்கேக்க பின்காட்டில நிண்ட முதிரை, பாலை, சமண்டலை எல்லாம் அடிக்கட்டையா நிண்டது. ஆர் ஏத்தினது எண்டு இண்டைக்கும் தெரியாது. வளைஞ்சது, கோறை (உள்ளுக்க பொந்து) விழுந்தது, வீரை, காயா மரம் எல்லாத்தையும் விட்டிட்டு நேரா வைரம் பாய்ஞ்சு நிண்டதை மட்டும் தெரிஞ்சு தறிச்சிருக்கினம். குத்தி இழுத்த தடம் இப்பவும் வெட்டையாக் கிடக்கு.

மச்சான் சொல்லுறார், ஜேசிபி விட்டுத் தள்ளிப்போட்டுத் தேக்கு வை, பிள்ளையளுக்கு உதவும் எண்டு. அம்மா சொல்லுறா, காடு தன்ரபாட்டில வரும், கைவைக்காதை எண்டு. ரெண்டு பேர் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கிற மாதிரிக் கிடக்கு.

நான் கேக்கிறது இதுதான். தறிச்ச முதிரையும் பாலையும் அந்தக் காட்டில திரும்ப வருமா? வாறதெண்டால் நாங்கள் ஏதாவது செய்யவேணுமா, சும்மா விடவேணுமா? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

#2 மல்லாவிப் பெடியன்

தேக்கை வையுங்கோ அண்ணை. முதிரை வாறதைப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கட பேரப்பிள்ளைதான் தறிப்பான். தேக்கெண்டால் விக்கிறதுக்கும் பெர்மிட் எடுக்கிறதுக்கும் ஒரு வழி இருக்கு. காட்டுமரத்தை உங்கட காணியில நிண்டாலும் லேசில தறிக்கேலாது.

#3 குளக்கட்டு

தம்பி ஒலுமடுவான், முதலில ஒரு விசயம். அந்தப் பக்கம் கண்ணிவெடி எடுத்து முடிச்ச இடமோ எண்டு தெரிஞ்சுகொண்டு உள்ளுக்க போங்கோ. மண்டையோட்டுப் பலகை நிண்ட இடத்துக்குக் கிட்டவும் போகவேண்டாம்.

மற்றது, உங்கட அம்மா சொல்லுறது சரி. வன்னிக் காட்டுக்குள்ள நடந்த ஆக்களுக்குத் தெரியும், அடர்காட்டுக்கு நடுவில உடைஞ்ச குளக்கட்டு கிடக்கும். தண்ணி திறந்துவிடுற துருசின்ர கல்லு கிடக்கும். கட்டுக்கு மேலயே பாலை முளைச்சு, ரெண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமனில நிக்கும். அதெல்லாம் ஒரு காலத்தில வயலும் ஊருமா இருந்த இடம். சனம் விட்டிட்டுப் போக, ஒருத்தரும் கண்டு வைக்காமல் காடு தானா ஏறினது. முழு ஊரே காடாக மாறேலுமெண்டால், மரம் மட்டும் தறிச்ச காடு வராதா? ஆனால் காலம் எடுக்கும். அதோட, வாற காடு போன காடு மாதிரி இருக்குமெண்டு இல்லை.

#4 காயாங்காடு

ஒலுமடுவான், நான் காடு சம்பந்தமாகப் படித்து, பல வருடம் வவுனியா, மன்னார்ப் பக்கம் களவேலை செய்தவள். உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

காடு மீள வருவதைப் பற்றி இணையத்திலும் பாடப்புத்தகத்திலும் இருப்பதில் பெரும்பகுதி மழைக்காட்டைப் பற்றியது. எங்கள் இலங்கையிலேயே சிங்கராஜா மழைக்காட்டை எடுங்கள். 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக அங்கே தெரிந்தெடுத்து மரம் தறித்தார்கள். எதிர்ப்பு வலுத்து 1977இல் நிறுத்தப்பட்டது. 1988இல் அது உலக மரபுரிமையானது. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் நிமல் குணதிலகவும் சாவித்திரி குணதிலகவும் அந்தக் காட்டில் பல பத்தாண்டு ஆய்வு செய்தவர்கள். அங்கே வருடத்துக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மண்ணில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் வெளிச்சத்துக்குத்தான். பெரிய மரத்தின் நிழலில் சின்னக் கன்றுகள் வளராமலும் சாகாமலும் வருடக்கணக்கில் காத்து நிற்கும். மேலே ஒரு மரம் விழுந்து வெளிச்சம் வந்ததும் கிளம்பும்.

வன்னியில் கணக்கு வேறு. எங்களுக்கு 1000 தொடக்கம் 1500 மில்லிமீற்றர், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தைக்குள் கொட்டி முடிந்துவிடும். சித்திரையில் கொஞ்சம். பிறகு வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடித்துக் காய்ச்சும். இங்கே கன்றைக் கொல்வது தண்ணீர் இல்லாமை. மரத்தைத் தறித்து மேலே திறந்துவிட்டால் சிங்கராஜாக் கன்றுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. வன்னிக் கன்றுக்கு வெளிச்சத்தோடு வெயிலும் காற்றும் சேர்ந்து கிடைக்கின்றன, மண் காய்கிறது. கார்த்திகையில் முளைத்த கன்றின் ஆணிவேர் வைகாசிக்குள் ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறங்கவில்லை என்றால் ஆடியில் சருகோடு சருகாகிவிடும்.

அதனால்தான் வறண்ட காடுகளில் விதையை விட அடிக்கட்டையும் வேரும் முக்கியம். தறித்த மரத்துக்கு ஏற்கெனவே ஆழத்தில் வேர் இருக்கிறது. அதிலிருந்து வரும் தளிருக்கு முதல் கோடையைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. முதிரை அடிக்கட்டையிலிருந்தும் தளிர்க்கும், ஓடும் வேரிலிருந்தும் கன்று விடும். வீரையும் காயாவும் விண்ணாங்கும் தளிர்க்கும். வன்னிக் காட்டை இன்றுவரை காப்பாற்றி வைத்திருப்பது மண்ணுக்குக் கீழே இருக்கும் இந்தச் சேமிப்புத்தான். ஜேசிபி விட்டால் முதலில் போவது அதுதான். மேலே நிற்கும் பத்தையைத் தள்ளுவதாக நினைப்போம், உண்மையில் பிடுங்குவது நூறு வருட வேரை.

ஆகவே தேக்கா காடா என்று முடிவெடுக்க முதல் ஒரு தடவை குனிந்து பாருங்கள். அடிக்கட்டைகளில் எது தளிர்த்திருக்கிறது, எது பட்டுப்போனது? அவற்றைச் சுற்றி முழங்கால் உயரத்தில் என்ன கன்று நிற்கிறது? இந்த இரண்டும் தெரிந்தால் உங்கள் காட்டின் வருங்காலம் பாதி தெரிந்துவிடும்.

#5 பனிமழை (ரொறன்ரோ)

அருமையான இழை. எங்கட ஊர்ச் சங்கத்தில வருசா வருசம் மரநடுகைக்கெண்டு காசு சேர்க்கிறம். இப்பிடித் தறிச்ச காட்டுக்குள்ள கண்டு நட்டால் கெதியா வருமெல்லோ? மலைவேம்பு, தேக்கு, மகோகனி எண்டு நேர்சரியில வாங்கேலும் எண்டு சொல்லுகினம். ஆக்களைப் பிடிச்சுத் தாங்கோ, செலவை நாங்கள் பார்க்கிறம்.

#6 தீராந்தி

நான் மரவேலை செய்யிறவன். அப்பாவும் அதே தொழில்தான். தொழில்பக்கத்தால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

அடிக்கட்டைத் தளிர் எல்லாம் ஒண்டில்லை. தறிச்ச உயரத்தைப் பாருங்கோ. களவா தறிக்கிறவை நிண்டநிலையில வாளைப் பிடிச்சு இடுப்பளவில அறுத்துப்போட்டு ஓடியிருப்பினம். அந்த உசரத்தில வாற தளிர் அடிக்கட்டையின்ர தோலில ஒட்டிக்கொண்டுதான் நிக்கும். கொஞ்சம் பருத்தவுடன சோளகத்துக்குக் கிழிஞ்சு விழும். விழாட்டிலும், கீழ அடிக்கட்டை உக்கேக்க அந்த உக்கல் தளிருக்குள்ளயும் இறங்கும். பிறகு பாருங்கோ, வெளியில வடிவான முதிரை, அறுத்தால் நடுவில கோறை. நிலத்தோட ஒட்டி வந்த தளிர்தான் தன்ர வேரைப் போட்டு மரமா நிக்கும். வேரில இருந்து தள்ளி வந்த கண்டு அதைவிட நல்லது.

அதனால ஒவ்வொரு அடிக்கட்டையிலயும் நிலமட்டத்தில வந்த நல்ல தளிர் ஒண்டு, மிஞ்சினால் ரெண்டு, அதை மட்டும் விட்டிட்டு மற்றதை வெட்டிவிடுங்கோ. முதல் வருசமே வெட்டவேண்டாம். எது ஓங்கி வருது எண்டு ரெண்டு மூண்டு மாரி பார்த்திட்டுச் செய்யுங்கோ. வெட்டின தடி வீணில்லை, மண்வெட்டிப் பிடி, கோடாலிப் பிடி, வேலிக் கப்பு எல்லாத்துக்கும் ஆகும்.

இன்னொண்டு. உங்கட காட்டில மிச்சம் நிக்கிற பெரிய மரங்களில செல் துண்டு, சன்னம் இருக்கும். வன்னிக் குத்தி எண்டால் மில்லில வாளைப் போட யோசிப்பினம், பல்லு உடையும். இரும்பு கிடந்த இடத்தில மஞ்சள் முதிரை கறுத்துப் போயிருக்கும். அதால அந்த மரங்களை விலைக்குக் கேட்டு ஆர் வந்தாலும் பெரிய விலை வராது. அதுகளை விதைக்கெண்டே விட்டிடுங்கோ.

#7 ஒலுமடுவான்

நன்றி அக்கா, நன்றி அண்ணை. குளக்கட்டு ஐயா, எங்கட துண்டு கண்ணிவெடி துப்புரவாக்கிக் கையளிச்ச இடம்தான். சனிக்கிழமை கத்தியோட போய்ப் பார்த்திட்டு எழுதுறன்.

#8 காயாங்காடு

பனிமழை, உங்கள் மனம் நல்ல மனம். அதற்காகவே ஒளிக்காமல் சொல்கிறேன். காட்டுக்குள் மகோகனியும் மலைவேம்பும் வைக்க வேண்டாம். நடுகைக்குக் குழி தோண்டும் இடத்தில் ஏற்கெனவே ஒரு காயாவோ வக்கணையோ கைவிரல் பருமனில் நின்றிருக்கும். அதைப் பத்தை என்று வெட்டிவிட்டுத்தான் பையில் வந்த கன்றை வைப்பார்கள். பையில் வளர்ந்ததற்கு ஆணிவேர் சுருண்டிருக்கும், முதல் கோடையிலேயே கருகும். புகைப்படத்தில் மட்டும் கன்று நிற்கும்.

அதே காசை மூன்று கோடைக்குத் தீக்காவலுக்கும் மாட்டைத் தடுக்கும் வேலிக்கும் கொடுத்தால் நட்டதை விடப் பல மடங்கு கன்று தானாகவே மேலே வரும். ஆனால் வேலி போட்டதற்குப் பெயர்ப்பலகை வைத்துப் படம் எடுப்பதில்லை, அதனால் இதற்குக் காசு சேர்ப்பது கடினம் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் சங்கத்தில் இதை எடுத்துச் சொல்ல முடியுமா?

தீராந்தி சொன்ன நிலமட்டத் தளிர் விசயம் முழுக்கச் சரி. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இளமரமும் நடுத்தர மரமும் நன்றாகத் தளிர்க்கும், மிகவும் முதிர்ந்த மரத்தின் அடிக்கட்டைக்கு அந்தச் சத்து குறைவு. தறித்தவர்கள் முதிர்ந்ததைத்தான் தெரிந்திருப்பார்கள். ஆகவே எல்லா அடிக்கட்டையும் தளிர்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

#9 குளக்கட்டு

முதிரையைப் பற்றிக் கனக்கக் கதைச்சாச்சு. பாலையைப் பற்றி நான் சொல்லுறன். எனக்கு அதில ஒரு கவலை இருக்கு.

முதிரைக்கு விதை காத்தில போகும். காய் காய்ஞ்சு மூண்டாப் பிளக்கும், உள்ளுக்க மெல்லிய செட்டை வைச்ச விதையள் அடுக்கி இருக்கும். கோடைக் காத்து அதைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியில போடும். சமண்டலைக்கும் அப்பிடித்தான், அதின்ர காய்க்கே செட்டை. அதால தூரத்தில ஒரு தாய்மரம் நிண்டாலும் அந்த ரெண்டும் உங்கட காட்டுக்கு வந்து சேரும்.

பாலை அப்பிடி இல்லை. வைகாசி ஆனியில பழுக்கும். எங்கட காலத்தில பாலைப்பழ நேரம் காட்டுக்குள்ள போறது ஒரு திருவிழா. பால் ஒட்டிச் சொண்டு ரெண்டும் பசை போட்ட மாதிரிப் பிடிக்கும். நாங்கள் மட்டுமே திண்டது? கரடி மரத்தில ஏறும், மந்தி, குரங்கு, மரநாய், இருவாட்சி, வௌவால் எல்லாம் வரும். கரடி எச்சத்தில பாலைக்கொட்டை குவியலாக் கிடக்கும். இந்தச் சீவன்கள் திண்டு வேற இடத்தில போட்டால்தான் பாலை தூர முளைக்கும். தாய்மரத்துக்குக் கீழ முளைச்சது பெரும்பாலும் அங்கயே நலிஞ்சு போகும்.

இப்ப என்ன நடக்குது? பாலையைத் தறிச்சால் அந்தச் சீவன் வாறதில்லை. அது வராட்டில் அடுத்த காட்டில இருந்து கொட்டை வாறதில்லை. முதிர்ந்த பாலையின்ர அடிக்கட்டை தளிர்த்து மரமானதை நான் கண்டது அருமை. இருவாட்சிக்குக் கூடு வைக்கப் பெரிய பொந்து வேணும், அந்தப் பொந்து பழைய மரத்திலதான் இருக்கும். ஒண்டைத் தறிக்க ஒண்டு பின்னால போகுது.

அதால, தம்பி, காணியில ஒரு பாலை நிண்டாலும், அது வளைஞ்சதோ கோறையோ, அதில கை வைக்கவேண்டாம். கோறை விழுந்த பாலைதான் காட்டுக்குப் பெரிய வீடு.

வீரையில இன்னொரு விசயம் இருக்கு. வீரையில ஆண்மரம் வேற, பெண்மரம் வேற. பழம் பெண்மரத்தில மட்டும்தான். விறகுக்கு வெட்டுறவை அதைப் பார்க்கிறதில்லை. ஒரு பக்கத்தில ஆண்மரமா மிஞ்சிட்டால் அந்த இடத்தில வீரைப்பழம் இல்லை.

#10 மல்லாவிப் பெடியன்

ஐயா, கரடிக்கும் இருவாட்சிக்கும் காணி வைச்சிருக்க எங்களால ஏலுமே? நான் கோவத்தில கேக்கேல்லை. மீள்குடியேறின சனம், கடன், பிள்ளையளின்ர படிப்பு. தேக்கு வைச்சால் முப்பது வருசத்திலயாவது ஒரு பிடிமானம் எண்டுதான் சனம் வைக்குது. காட்டை அப்பிடியே விட்டால் நாளைக்கு அதுவும் காடு எண்டு சொல்லி அரசாங்கம் எல்லைக்கல்லைப் போட்டால் என்ன செய்யிறது? பத்தை ஏறின காணிக்கு அப்பிடி நடந்ததை எங்கட பக்கத்தில கண்ணால கண்டனாங்கள். பத்தையை வெட்டி வெளியா வைச்சிருந்தவன்ர காணி தப்பினது.

#11 நெறியாளர்

எல்லைக்கல் பிரச்சினைக்கு காணிப் பகுதியில தனி இழை இருக்கு. உறுதி, பெர்மிட் விபரம், சட்ட ஆலோசனை எல்லாம் அங்க கேளுங்கோ. இந்த இழை காடு வளர்றதைப் பற்றி மட்டும்.

#12 காயாங்காடு

நெறியாளர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் பெடியனின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. காடு வளர்ந்தால் காணி போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை ஒருவரும் ஒரு அடிக்கட்டையையும் காப்பாற்ற மாட்டார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. உரிமைப் பத்திரத்தோடு காணியில் மரம் வளர்ப்பவனுக்கு அந்த மரம் அவனுடையது என்ற உறுதி வேண்டும். 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பதை அரசு நிறுத்தியபோது நாட்டின் மரத்தேவை வீட்டுத்தோட்டத்தின் மீதும் தோட்டங்களின் மீதும் ஏறியது. அப்படியானால் சொந்தக் காணியில் நாட்டுமரம் வளர்ப்பவனுக்குத்தான் முதல் சலுகை கிடைத்திருக்க வேண்டும்.

தேக்கைப் பற்றி. தேக்கு கெட்ட மரமில்லை. பின்காட்டைத் தள்ளி வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். முன்பக்கத்து மேட்டுநிலத்தில், வெளியாகக் கிடக்கும் துண்டில் வையுங்கள். தேக்கங்காட்டுக்குள் கோடையில் நடந்து பாருங்கள், அகன்ற சருகு கணுக்கால் அளவுக்குக் காய்ந்து கிடக்கும். ஒரு நெருப்புக்குச்சி போதும். முதிர்ந்த தேக்கு அந்தத் தீயைத் தாங்கும், கீழே முளைத்த முதிரையும் பாலையும் தாங்காது.

ஏற்கெனவே தேக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. சிங்கராஜாவின் ஓரத்தில் பைன் மரத்தோட்டத்தில் சில வரிசைகளைத் தறித்து எடுத்து, இடைவெளியில் நாட்டுமரங்களை நட்டுப் பார்த்தார்கள். முழு நிழலிலும் இல்லாமல் முழு வெயிலிலும் இல்லாமல் நின்ற கன்றுகள் நன்றாக வந்தன. எங்கள் தேக்கிலும் வரிசைகளை ஐதாக்கி, இடையில் தானாக முளைத்ததை விடலாம்.

#13 தீராந்தி

மேற்கோள்: *முதிரை வாறதைப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கட பேரப்பிள்ளைதான் தறிப்பான்*

பெடியன், அது விதையில இருந்து வாற முதிரைக்கு. வேரோட நிக்கிற தளிர் அந்தளவு பிந்தாது. வைரம் பிடிக்கக் காலம் எடுக்கும், அது உண்மை. ஆனால் கப்புக்கும் கைமரத்துக்கும் வைரம் முழுக்கப் பிடிக்கவேணுமெண்டு இல்லை. நிலைக்கும் கதவுக்கும்தான் வேணும். இண்டைக்கும் வீடு கட்டுறவை முதலில கேக்கிறது முதிரை நிலை இருக்கோ எண்டுதான். இனி வாற காலத்தில அதின்ர பெறுமதி குறையப்போறதில்லை. பாலையைக் கேளுங்கோ, ரெயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாப் போட்ட மரம், தண்ணியில போட்டால் தாழும். அப்பிடி ஒரு மரத்தைப் பத்து வருசத்தில எடுக்கேலாது.

இன்னொண்டும் யோசிச்சுப் பாருங்கோ. நேரான மரத்தை எல்லாம் தறிச்சால் விதை போடுறது வளைஞ்ச மரம் மட்டும்தான். வளைவு எல்லாம் பரம்பரையா வாறதில்லை, சிலது யானை முறிச்சு வந்த வளைவு. எண்டாலும் ஒவ்வொரு தலைமுறையிலயும் நல்லதை எடுத்துக் கழிவை விதைக்கு விட்டால் என்ன வரும்? நெல்லில அப்பிடி ஆரும் செய்வினமே, விதைநெல்லை முதல் ஒதுக்கிப்போட்டுத்தானே மிச்சத்தைக் குத்துறது.

#14 ஒலுமடுவான்

போய்ப் பார்த்திட்டு வந்தன். கொஞ்சம் விபரமா எழுதுறன்.

நான் பத்தை எண்டு நினைச்சது பத்தை இல்லை. ஒரு முதிரை அடிக்கட்டை, மேல்பக்கம் கறையான் திண்டு பொருபொருத்துக் கிடக்கு, விரலால குத்தினால் மாவாக் கொட்டுது. ஆனால் அதின்ர ஒரு பக்கத்து வேர் மண்ணுக்கு மேல ஓடுது. அந்த வேரில இருந்து வரிசையா தளிர் வந்து, அதில ஒண்டு என்னைவிட உசரமா, தோல் தடிச்சுத் தக்கை மாதிரி வெடிக்கத் தொடங்கி நிக்குது. இலையைக் கசக்கி மணந்து பார்த்தன், அதே முதிரை மணம். எத்தினையோ தரம் அதுக்குப் பக்கத்தால நடந்திருப்பன்.

நிழலுக்குள்ள வீரைக் கண்டும் காயாக் கண்டும் தாராளம். இலை மினுமினுத்துக் கறுப்புப் பச்சையில நிக்கிற கண்டுகள் சிலது இருக்கு, கருங்காலியோ வக்கணையோ எனக்கு வடிவாத் தெரியேல்லை. படம் போடுறன், பார்த்துச் சொல்லுங்கோ.

பாலை அடிக்கட்டை ஒண்டும் தளிர்க்கேல்லை. எல்லாம் பட்டுப்போச்சு. பெரிய பாலை ஒண்டு மட்டும் வாய்க்கால் பக்கம் கோறையோட நிக்குது, அதுக்குக் கீழ ஒரு கண்டும் காணேல்லை.

பெருமரம் நாலைஞ்சு ஒரே இடத்தில தறிச்ச பக்கம் நாயுண்ணி முள்ளுப்பத்தை மூடிப்போட்டுது. உள்ளுக்க கை நுழையாது. நடுவில தெக்கில் கொடி ஏறி மிச்சம் நிண்ட விண்ணாங்கையும் இழுத்து வளைச்சு வைச்சிருக்கு. மெசின் ஓடின தடத்தில புல்லுக்கூட ஒழுங்கா இல்லை. மாடு அந்தத் தடத்தாலதான் உள்ளுக்க வருது, சாணி கிடக்கு. தடத்துக்கு ரெண்டு பக்கமும் கண்டுகளின்ர நுனி எல்லாம் கடிபட்டிருக்கு.

இனி என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோ. ஜேசிபிக்காரனை வரவேண்டாம் எண்டு மச்சானிட்டச் சொல்லிப்போட்டன்.

#15 காயாங்காடு

படம் பார்த்தேன். இரண்டாவது படத்தில் இருப்பது கருங்காலிக் கன்று போலத்தான் தெரிகிறது. இலையின் நரம்பு நெருக்கமாக வலைபோல் இருக்கிறதா என்று வெயிலுக்குப் பிடித்துப் பாருங்கள். கருங்காலி என்றால் அது நிழலைத் தாங்கும் மரம். சுற்றிவர நிற்கும் வீரையை வெட்டி அதற்கு வெளிச்சம் காட்டப் போகாதீர்கள், மெதுவாக வரட்டும்.

நீங்கள் எழுதியதிலேயே மருந்தும் இருக்கிறது. நிழல் பகுதியில் ஒன்றும் செய்ய வேண்டாம். முதிரை வேர்க்கன்றுகளில் தீராந்தி சொன்னதைச் செய்யுங்கள். கவனம் தேவைப்படுவது நாயுண்ணிப் பகுதியும் தடமும் பாலையும்.

நாயுண்ணியை ஒரேயடியாகப் பிடுங்கி வெளியாக்கினால் அடுத்த மாரியில் அது இரட்டிப்பாக வரும், அல்லது இலுக்குப் புல் ஏறும். இலுக்கு ஏறினால் பிறகு வருடா வருடம் தீ. ஆகவே ஓரத்திலிருந்து உள்ளே போங்கள். காட்டு நிழல் விழும் ஓரத்தில் கொஞ்சம் வெட்டி, அங்கே நிற்கும் கன்றுகள் தலைக்கு மேல் வரவிட்டு, அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் உள்ளே. நிழல் வந்த இடத்தில் நாயுண்ணி தானாக நலியும். கொடிகளை இளமரத்தின் அடியில் அறுத்துவிட்டால் போதும், இழுக்க வேண்டாம். இழுத்தால் கொப்பும் சேர்ந்து வரும். கொடி முழுவதையும் அழிக்கவும் வேண்டாம், மோதிரக்கண்ணி போன்றவை இருந்தால் விடுங்கள், பறவைக்கு அதுவும் உணவு.

பாலைக்குத்தான் மனிதக் கை தேவை. இங்கே மட்டும் நடுகைக்கு நான் சம்மதிக்கிறேன், பனிமழையும் கவனிக்கவும். ஆனியில் பழம் விழும்போது கொட்டை எடுத்து, சதையைக் கழுவி, தாமதிக்காமல் விதையுங்கள். எண்ணெய்ச் சத்துள்ள விதை, வைத்திருந்தால் முளைக்கும் வலு போய்விடும். ஓடு கடினம், ஒரு இரவு தண்ணீரில் ஊறவிடுங்கள். ஆழமான பையில் வளர்த்து, ஐப்பசி முதல் மழையோடு அரைநிழலில் வையுங்கள். இந்தியாவில் சப்போட்டா ஒட்டுவதற்குப் பாலைக் கன்றைத்தான் அடிமரமாக வளர்க்கிறார்கள், ஆகவே நாற்றுமேடையில் வளராத மரமில்லை. பொறுமைதான் தேவை. விதையை ஒரே மரத்தில் எடுக்காமல் முடிந்தளவு வெவ்வேறு மரங்களில் எடுங்கள்.

#16 பனிமழை (ரொறன்ரோ)

அக்கா, சங்கத்தில கதைச்சன். ரெண்டு கருத்து இருந்தது, ஆனால் இந்த முறைக் காசில ஒரு பங்கை வேலிக்கும் தீக்காவலுக்கும் தரலாமெண்டு ஒத்துக்கொண்டிருக்கினம். பாலைக்கொட்டை எடுத்து நாத்துப்போட ஊரில ஆர் பொறுப்பெடுப்பினம்? பள்ளிக்கூடப் பிள்ளையளை வைச்சுச் செய்யலாமா?

#17 குளக்கட்டு

பிள்ளையள் செய்வினம். ஆனால் கொட்டையை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வரவேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ, கரடிக்கும் மந்திக்கும் மிச்சம் விடவேணும். பாலைப்பழ நேரம் கரடி நிக்கும், பெரியாக்கள் இல்லாமல் பிள்ளையளை உள்ளுக்க விடவேண்டாம். விடிய வெள்ளனவும் பொழுதுபட்டும் போகவே கூடாது.

#18 மல்லாவிப் பெடியன்

தடத்துக்கு நான் ஒண்டு சொல்லுறன். வெட்டுற நாயுண்ணியையும் கொப்புகளையும் தடத்துக்குக் குறுக்கால குவிச்சு விடுங்கோ. மாடு வராது. மழைத்தண்ணி ஓடாமல் சருகு தங்கும், கீழ மண் இளகும். எங்கட பழைய வண்டில் பாதை ஒண்டை அப்பிடித்தான் அடைச்சனாங்கள், இப்ப அதில ஆத்தியும் கொன்றையும் நிக்குது.

#19 தீராந்தி

யோசினை நல்லது, ஆனால் காய்ஞ்ச கொப்புக் குவியல் ஆடி ஆவணியில நெருப்புக்குத் தீனி. மான் வரட்டும் எண்டு புல்லுக்கு நெருப்பு வைக்கிற ஆக்கள் இப்பவும் இருக்கினம். தடம் வழியா தீ உள்ளுக்க வந்தால் அந்தக் குவியல்தான் முதலில பிடிக்கும்.

#20 குளக்கட்டு

ரெண்டு பேரும் சொல்லுறது சரி, இடத்தைப் பிரிச்சுச் செய்யவேணும். தடத்தின்ர வாய், வயல் பக்கம், அங்க கொப்புப் போடவேண்டாம். அங்க கிளுவைக் கதியாலும் முள்ளுக்கம்பியும் போட்டு மாட்டை மறியுங்கோ. வேலிக்கு வெளியில சித்திரை மழை முடிஞ்ச கையோட, சோளகம் துவங்க முன்னம், ரெண்டு பாகம் (கையை விரிச்சு ரெண்டு தரம் அளக்கிற) அகலத்துக்குச் செருக்கிப் புல்லில்லாமல் வைச்சிருங்கோ. தீ அந்த மண்ணில நிக்கும்.

உள்ளுக்க நிழல் விழுற இடத்தில கொப்பைப் போடலாம். குவிக்காமல் நிலத்தோட படிய, சின்னச் சின்னதாக் கொத்திப் போடுங்கோ. ஒரு மாரியில உக்கிப்போகும். முதிரைத் தளிருக்குக் கிட்டவும் அந்தக் கோறைப் பாலையின்ர அடியிலயும் ஒண்டும் போடவேண்டாம். தடத்தில மண் இறுகின இடத்தை ஐப்பசிக்கு முதல் அலவாங்கால அங்கங்க குத்தி விடுங்கோ, உழவேண்டாம், பக்கத்தில ஓடுற வேர் அறுந்துபோகும்.

#21 ஒலுமடுவான்

சரி ஐயா. கிளுவைக் கதியால் மாமா வீட்டு வேலியில வெட்டலாம். முள்ளுக்கம்பி எவ்வளவு வேணுமெண்டு தடத்தின்ர வாயை அளந்திட்டுப் பனிமழை அண்ணைக்குத் தனிமடல் போடுறன்.